தபசு காலத்து நீலம்

மகனே,

இந்தக் கடிதம் வீட்டு விலாசத்துக்கு வராமல் நீ வேலை செய்கிற கந்தோருக்கு வந்திருப்பதைப் பார்த்தவுடனே, அம்மா எதையோ மோப்பம் பிடித்துவிட்டாள் என்று உனக்கு விளங்கியிருக்கும். ஓம், பிடித்துவிட்டேன். வீட்டுக்கு எழுதினால் உன் மாமியார் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்பது என் எண்ணம். அது வீண் பழியாக இருக்கலாம், நல்ல மனுசிதான். ஆனாலும் நம்பிக் கெடுவதைவிட நம்பாமல் இருந்துவிட்டுப் பிறகு வெட்கப்படுவது மேல் என்று நினைத்தே நான் இவ்வளவு காலமும் குடும்பம் நடத்தினேன். மீன்காரன் தானே செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நான் என் விரலை விட்டுப் பார்க்காமல் வாங்கியதில்லை. என்னைச் சுங்கத்தில் சேர்த்திருந்தால் துறைமுகத்தில் ஒரு கப்பலும் தப்பியிராது என்று உன் அப்பா பகிடி பண்ணுவார். அதே பகிடியைச் சொல்லித்தான் போன வியாழக்கிழமை நீயும் என் வாயை அடைத்தாய்.

அன்று நான் வெள்ளவத்தைக்கு வந்தது ரீட்டாவுக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் கொடுக்கத்தான். முதல் பிள்ளையைச் சுமக்கிற பெண், நாக்குக்குப் புளிப்பாக ஏதாவது கேட்கும் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நீ அப்போது கந்தோரால் வரவில்லை. கை கழுவக் குளியலறைக்குப் போனால், யன்னல் கட்டில் ஒரு கோப்பை. உள்ளே மஞ்சள் கறை. அந்தக் கறையை எனக்குத் தெரியும். உன் அப்பாவின் கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவள் நான். சுண்டுவிரலால் அடியில் கிடந்த தெளிவைத் தொட்டு நாக்கில் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் வேப்பங்கொட்டைகூடத் தொதலைப்போல இனிக்கும். ரீட்டாவிடம் கேட்டேன், அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கஷாயம் குடிக்கிறார் என்றாள். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. நீ அவளுக்குச் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள், அவ்வளவுதான்.

அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன நேரம் உன் சவரக் கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டேன். நீல மருந்துப் போத்தலும் கண்ணாடிக் குழாயும் கையில் தட்டுப்பட்டன. சிறுநீரைக் கலந்து கொதிக்கவைத்து, நீலம் நின்றால் சீனி இல்லை, சிவந்தால் சீனி என்று பார்க்கிற சாமான் என்பதைத் தவிர அதற்கு வேறு ஒரு வேலையும் இல்லை. பிறகு ஊசியைத் தேடினேன். ஓம், உன் அலுமாரியையும் திறந்து பார்த்தேன், கோபப்படுவதென்றால் படு. ஊசி இல்லை. ஊசி அவிக்கிற சட்டியும் இல்லை. அலுமாரியில் தொங்கிய உன் கலியாணக் கோட்டைத் தொட்டபோது பாலன் பிறந்த நத்தார்ப் பூசைக்கு அது மெலிந்த உன் தோளில் தொங்கின கோலம் ஞாபகம் வந்தது. அன்று சாப்பாட்டு மேசையிலிருந்து நீ தண்ணீர்க் கூசாவுக்கு எழும்பி எழும்பிப் போனதும் ஞாபகம் வந்தது. நீ வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். சத்துக்குக் குடிக்கிறேன், சுங்கத்து அம்மா என்று சிரித்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சிரிப்பு அது. பிள்ளைத்தாச்சிக்கு முன்னால் கதையை வளர்க்க விரும்பாமல் நான் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆகவே இப்போது கேள். உன் அப்பாவுக்கு இருந்த சலரோகம் உனக்கும் வந்திருக்கிறது. ஒரு டொக்டர் அதை உனக்குச் சொல்லியிருக்கிறார். ஊசி போடச் சொல்லியிருக்கிறார். நீ ஊசி போடாமல், அப்பா அவித்துக் குடித்த அதே மஞ்சள் சீனத்து வேரைக் குடிக்கிறாய். இப்போது நாற்பது நாள் தபசு காலம், நீயும் அப்பாவைப்போல ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி நோன்பு பிடிக்கிற ஆள். குழாயில் நீலம் வருகிறது, மனம் குளிர்கிறது. இதில் எது பிழை என்று வந்து சொல்லு. பிழையாக இருந்தால் எனக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை.

அப்பாவின் காலைப் பற்றி உனக்குத் தெரிந்தது நான் எழுதின அளவுதான். நீ அப்போது பண்டாரவளையில் தோட்டத்துக் கந்தோரில் இருந்தாய். ஆணி குத்திப் புண் பெருத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள் என்று எழுதினேன். ஆணி குத்தினது மெய்தான். ஆனால் கதை ஆணியில் தொடங்கவில்லை, பல்லில் தொடங்கியது.

சலரோகக்காரருக்குப் பல் முரசு கெட்டுப் பல் ஆடும். அப்பாவுக்கும் ஆடியது. துறைமுகத்தில் கப்பல் சாமான் கணக்குப் பார்க்கிற மனுசன், நாள் முழுதும் கத்திக் கத்திக் கதைக்க வேண்டியவர், பல்லில்லாமல் காற்றுப் போகிறது என்று வெட்கப்பட்டு, நம் தெருமுனையில் பல் கட்டுகிற சீனரிடம் போனார். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல் வரிசைகளை வைத்திருப்பார், நீ சின்னனில் அந்தப் பக்கமே போகமாட்டாய். சிங்களப் பெண்ணைக் கட்டி, இரண்டு பாஷையும் கலந்து கதைக்கிற மனிதர். முரசைப் பார்த்தவுடனே அவர் அப்பாவிடம் தண்ணீர் விடாய் உண்டா, அடிக்கடி வெளியே போவீர்களா என்று கேட்டிருக்கிறார்; சலரோகம்தான், ஊசி போடுகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பிறகு உள்ளே போய் ஒரு கடதாசிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கோழிக்கால் மாதிரிக் கிளைத்த காய்ந்த வேர். முறித்தால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள். அதன் சீனப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. சீனத்து வேர் என்றே சொல்லிக்கொண்டோம்.

நான் நம்புவேனா? பல் கட்டுகிறவனுக்கு மருந்தில் என்ன வேலை என்று கேட்டேன். இது நம்முடைய மரமஞ்சள்தான், காய்ச்சலுக்கு அவிக்கிறோமே, சிங்களவர் வெனிவெல் என்பார்களே, அதைத்தான் பொடியாக வெட்டிச் சீனாவிலிருந்து வந்தது என்று தருகிறான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். பொட்டலத்தில் ஒரு துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு புறக்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிற நானாவிடம் போனேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நகத்தால் கீறி, நக்கிப் பார்த்தார். இது மரமஞ்சள் இல்லை, நல்ல அசல் சரக்கு, நிறமும் கசப்பும் மட்டும் ஒரே சாதி என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதோடு விட்டேனா? ஒரு நாள் முழுக்க நானே அதைக் குடித்துப் பார்த்தேன், விஷமா என்று அறிய. வாய் கசந்து, வயிறு கொஞ்சம் கடுத்தது, வேறொன்றும் இல்லை. சீனரில் பிழை கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டில் பாதியை என் வீட்டு மனுசனில் பட்டிருக்கலாம்.

ஏனென்றால் அப்பா அந்த வேரைப் பிடித்துக்கொண்டதன் காரணம் வேறு. ஊசி போடத் தொடங்கினதிலிருந்து அவருக்கு ஒருசந்தி பிடிக்க முடியாமல் போய்விட்டது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் வேர்த்து, நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். டொக்டர் நோன்பே கூடாது என்றார். சுவாமியாரும் நோயாளிக்கு நோன்புக் கடமை இல்லை, பலகாரம் தின்றுகொண்டே செபியுங்கள் என்றார். அந்தச் சலுகைதான் அவருக்கு ஊசியைவிட அதிகமாகக் குத்தியது. கொட்டாஞ்சேனையில் நம் கோயிலில் பெரிய வெள்ளிக்குச் சிலுவை தூக்குகிற ஆண்கள் தபசு காலம் முழுதும் ஒருசந்தி பிடித்தவர்களாக இருக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அவருடைய தகப்பன் தூக்கினார், அவர் தூக்கினார். ஊசி வந்த வருசம் அவர் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்தார். அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த வருசம் விபூதிப் புதன் காலை, நெற்றியில் சாம்பலோடு வந்து, ஊசியைத் துணியில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். வேரை அவித்தேன், குடித்தார். அன்றே ஒருசந்தி தொடங்கினார். பகலில் ஒரு நேரம் கொஞ்சம் சோறும் கீரையும். இரவில் கஞ்சித் தெளிவு. சீனி இல்லை, கித்துள் பாணி இல்லை, சாராயம் இல்லை. நான் எதிர்த்தேன். அதற்கு அவர், குழாய் சொல்லட்டும், குழாய் சிவந்தால் ஊசியை எடுக்கிறேன் என்றார். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. அடுத்த கிழமையிலிருந்து குழாய் பச்சையாயிற்று. பிறகு நீலம். நானே அடுப்படியில் நின்று, கொதிக்கிற தண்ணீருக்குள் குழாயைப் பிடித்து, என் கண்ணால் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இஞ்ச பாரும். சுங்கத்து அம்மாவே இப்ப என்ன சொல்லுறீர்?"

சீனர் மேல் போட்ட பழிக்காக ஒரு பப்பாப்பழம் கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த நீலம் கள்ளம் இல்லாத நீலம், மகனே. வேர் அசல், மனிதர் நல்லவர், குழாய் பொய் சொல்லவில்லை. ஆனால் அரைவயிற்றுக் கஞ்சியோடு இருக்கிற உடம்பில் சீனி எங்கிருந்து வரும்? பசி செய்த வேலைக்கு வேர் பேர் வாங்கியது. இது ஒரு பெரிய சாத்திரமா? ஊரில் எவளைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். ஆனால் நோன்பை நாங்கள் மருந்துக் கணக்கில் எழுதவே இல்லை. அது ஆண்டவருடைய கணக்கு என்று நினைத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருசந்தி இல்லை, நன்றாகச் சாப்பிடுவார். ஒரு ஞாயிறு பின்னேரம் சோதித்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஆனால் ஞாயிறு வேலை செய்யக் கூடாத நாள் என்று குழாயும் ஓய்வெடுத்தது.

பெரிய வெள்ளிக்கு அவர் சிலுவை தூக்கினார். வெறுங்கால், தலையை நிமிர்த்திக்கொண்டு. நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்து அழுதேன், சந்தோசத்தில். பழைய வண்டிச் சில்லின் ஆணி ஒன்று வழியில் குத்தியிருக்கிறது. சலரோகக் காலுக்கு நோவு தெரியாது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது நான்தான் இரத்தத்தைக் கண்டேன். மஞ்சள் அரைத்துக் கட்டினேன்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வீடு வழக்கத்துக்கு வந்தது. பாண், கேக், கோழிக்கறி, விருந்து, பின்னேரம் ஒரு கிளாஸ். வேரையும் விடாமல் குடித்தார். ஊசி அலுமாரிக்குள். அப்போதிலிருந்து குழாயை அவரே எடுத்துக்கொண்டு, ஸ்பிரிட் விளக்கோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உமக்கு ஏன் இந்த அசிங்கம், நான் பார்க்கிறேன் என்றார். நல்ல மனுசன், மனைவிக்குப் பாரம் குறைக்கிறார் என்று நினைத்தேன். ஊரில் எல்லாரையும் சந்தேகிக்கிற நான், கதவு சாத்துகிற சத்தத்தைச் சந்தேகிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் உள்ளே இருந்து நிறத்தைக் கூப்பிட்டுச் சொல்வார்.

காட்டிக் கொடுத்தது எறும்பு. குளியலறைத் தண்ணீர் ஓடுகிற கானில் கறுப்பு வரிசை, வெந்நீர் ஊற்ற ஊற்ற வந்தது. ஒரு நாள் அவர் பூசைக்குப் போன நேரம் அவர் சிறுநீர் விட்ட சட்டியில் இருந்ததை எடுத்து நானே கொதிக்க வைத்தேன். செங்கல் நிறம். அப்போது காலின் புண் கறுத்து மணக்கத் தொடங்கிவிட்டது. அவர் வந்ததும் குழாயை முகத்துக்கு முன்னால் பிடித்தேன். அவர் கதிரையில் இருந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்:

"ஒரு வருசம் தூக்கினனான். வாற வருசமும் தூக்கலாம் எண்டு பாத்தனான்."

உடனே ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஊசியைத் திரும்பத் தொடங்கினார்கள், ஆனால் கால் தப்பவில்லை. நீ மலையிலிருந்து வந்தபோது கட்டுப் போட்ட துண்டுக்காலைத்தான் பார்த்தாய்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நான் மிச்ச வேரைத் தூக்கிக்கொண்டு சீனர் வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன். தெருவே கூடட்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அவருடைய மனைவி வாசலுக்கு வந்தாள். என் வாய் ஓய்கிற வரையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"நம்ம ஆள் முதல் நாளே சொன்னது, நோனா. ஊசி விட வேணாம், இது ஊசியோட கூடக் குடிக்கிறது மட்டும். மாத்தயா சரி சொன்னது."

ஓம், மாத்தயா, அதாவது உன் அப்பா, சரி சொன்னார். வீட்டுக்கு வந்து எனக்கு அந்தப் பாதியைச் சொல்லவில்லை. நான் தெருவில் நின்று கத்தினது ஒரு நேர்மையான மனிதனின் வாசலில். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

டொக்டரிடமும் அந்த வேரைக் காட்டினேன். உன் டொக்டர் வேர் என்றதும் சிரித்திருப்பார், இவர் சிரிக்கவில்லை. கத்தியால் சீவி, மணந்து பார்த்து, இந்த மஞ்சளில் ஒரு சத்து இருக்கிறது, இரசாயனக்காரர் அதைப் பிரித்து எடுத்து பெர்பரீன் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள், நம் மரமஞ்சளிலும் அதுதான் இருக்கிறது என்றார். அது சீனியைக் குறைக்குமா என்று கேட்டேன். குறைத்தாலும் குறைக்கும், தான் அளந்து பார்த்ததில்லை, பார்த்தவரையும் தெரியாது என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, உங்கட மனுசன் ஒரே நாளில வேரையும் நோன்பையும் தொடங்கினார். எது வேலை செய்தது எண்டு இனி ஆர் சொல்லுறது?"

அதனால் வேர் பொய் என்று நான் எழுதவில்லை, மகனே. வேர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நான் சந்தேகிப்பது உன் நீலத்தை. அதைவிட, ஊசியை ஏன் வேண்டாம் என்கிறாய் என்ற காரணத்தைச் சந்தேகிக்கிறேன். அப்பாவுக்குச் சிலுவை. உனக்கு என்ன? ரீட்டா பயப்படுவாள், பிள்ளைக்குக் கூடாது என்கிறாயா? மாமியார் வீட்டில் வருத்தக்கார மாப்பிள்ளை என்ற பெயர் வேண்டாம் என்கிறாயா? இரண்டும் எனக்கு விளங்கும். விளங்கினாலும் விடமாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வைத்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் ஒரு முறை பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு உன் அப்பா யன்னலோரக் கதிரையில் கப்பல் ஊதுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்த காலத்தை நீ மலையில் இருந்தபடியால் முழுதாகப் பார்க்கவில்லை. அவருடைய கதிரையை நான் இன்னும் கொடுக்கவில்லை. அதில் நீ இருக்க வரக் கூடாது. எனக்கு உன்னைவிட்டால் ஆர்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொட்டாஞ்சேனைக்கு வா. தபசு காலமானாலும் ஞாயிறுக்கு ஒருசந்தி இல்லை. சுவாமியாரிடம் கேட்டுவிட்டேன், நீ தப்ப முடியாது. சோறு, கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய், கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். வேரைக் குடித்துவிட்டே வா, நான் தடுக்கவில்லை. வயிறாரச் சாப்பிடு. சாப்பிட்டு இளைப்பாறின பிறகு, அப்பாவின் குழாயை எடுத்துத் தருகிறேன். நீலம் வந்தால் இனி உன் மருந்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கதைத்தால் கேள்; சீனர் வீட்டுக்குப் போய் உனக்கு வேர் வாங்கி வருகிறவளும் நானே. வேறு நிறம் வந்தால், திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போகுமுன் டொக்டரிடம் போகிறோம். ஊசியை எப்படி அவிப்பது, எங்கே குத்தினால் நோகாது என்பதெல்லாம் என் கைக்கு இன்னும் மறக்கவில்லை.

தனியாக வராதே. ரீட்டாவைக் கூட்டிக்கொண்டு வா. பிள்ளைத்தாச்சி என்று சாக்குச் சொல்லாதே. உண்மையைக் கேட்டு ஒரு பிள்ளையும் வயிற்றில் கலைந்ததில்லை. குழாயை அவளுடைய கையில் கொடு, நிறத்தை அவள் தன் கண்ணால் பார்க்கட்டும். உன் அப்பா குழாய் சிவந்த நாட்களிலும் ஒவ்வொரு காலையும் சாத்தின கதவுக்குள் இருந்து "நீலம்" என்று கூப்பிட்டார். நான் குசினியில் நின்று "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றேன். ஒவ்வொரு காலையும் சொன்னேன், மகனே. அதை ரீட்டா சொல்ல வேண்டாம்.

உன் அம்மா